ஊர் விட்டு வந்தவர்களின் சொல்

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் "எந்த நேஷன்?" என்று கேட்டால், அவருடைய குடியுரிமையைக் கேட்பதாக அர்த்தமில்லை. அங்கே நேஷன் என்பது மாணவர் சங்கம். மொத்தம் 13 உண்டு. ஸ்டாக்ஹோம், கால்மார், நோர்லாந்து என்று ஊர்ப் பெயரோ மாகாணப் பெயரோ தாங்கியவை. மலிவான சாப்பாடு, வாடகை அறை, பாட்டுக்குழு எல்லாம் அங்கேயே கிடைக்கும். 'காஸ்க்' எனப்படும் விருந்தில் நீண்ட மேசைகளில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, கோப்பையைத் தூக்கும் முன் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள்.

'நேஷன்' வந்தது லத்தீன் 'நாத்சியோ'விலிருந்து; அதற்குப் பிறப்பு என்று பொருள். நம் 'சாதி'க்கு மூலமான வடமொழி 'ஜாதி'யும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். சிங்களத்திலும் வங்காளத்திலும் 'தேசிய' என்பதற்கு ஜாதியிலிருந்தே சொல் பிறந்திருக்கிறது. வங்கதேச நாடாளுமன்றத்தின் பெயரே 'ஜாதிய சங்சத்'. ரோமானியர்களோ 'நாத்சியோ'வைப் பெரும்பாலும் தொலைவில் வாழ்ந்த அயல் மக்களுக்குத்தான் வைத்திருந்தார்கள்.

அந்த அயல்வாடையோடுதான் சொல் இத்தாலியின் பல்கலைக்கழக நகரான பொலோனாவுக்கு வந்தது. சட்டம் படிக்க ஆல்ப்ஸ் தாண்டி வந்த மாணவனுக்கு அந்நகரில் எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. அவன் ஊர்க்காரன் எவனோ வாங்கிய கடனுக்கு இவனைப் பிடித்து வைக்கலாம். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா ஆணையிட்டு இதைத் தடுத்தார். ஆணை மட்டும் போதாதென்று மாணவர்கள் ஊர்வாரியாகக் கூடினார்கள். அந்தக் கூட்டங்களே நாத்சியோ. அவை இணைந்து ஆசிரியர்களையே கட்டுப்படுத்தின. வெளியூர் போக விரும்பும் பேராசிரியர், திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பொலோனாவிலேயே பிறந்த மாணவனுக்கு நாத்சியோ கிடையாது. அவனைக் காக்க நகரம் இருந்தது. சொந்த ஊரில் இருப்பவனுக்குத் தேவைப்படாத ஒன்றின் பெயராகத்தான் இந்தச் சொல் பல்கலைக்கழக வாழ்வில் நுழைந்தது.

பாரிஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு நாத்சியோக்கள் இருந்தன. அங்கே 'ஆங்கில' நாத்சியோவில் ஜெர்மானியரும் சுவீடன்காரர்களும்கூட அடக்கம்.

சொல் திசை மாறியது பிராகில் என்றே எனக்குப் படுகிறது. 1348இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் பொஹிமிய, பவேரிய, சாக்சன், போலந்து நாத்சியோக்களுக்கு ஆளுக்கொரு வாக்கு. 1409இல் மன்னர் வென்சஸ்லாஸ் குட்னா ஹோராவில் இட்ட ஆணை, உள்ளூர் பொஹிமியருக்கு மூன்று வாக்குகளையும் மற்ற மூவருக்கும் சேர்த்து ஒன்றையும் தந்தது. ஜெர்மன் ஆசிரியர்களும் மாணவர்களும் மூட்டை கட்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரால் அதே ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகம் பிறந்தது. வந்தவனைக் காத்த சொல் இருப்பவனின் உரிமைக்குரலாகியது. இன்று நாம் தேசம் என்று சொல்லும்போது ஒலிப்பது இந்த இரண்டாவது பொருள்தான்.

உப்சாலாவில் 17ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட நேஷன்கள் முதல் பொருளைக் கைவிடவில்லை. ஒருகாலத்தில் பிறந்த மாகாணமே ஒருவருடைய நேஷனைத் தீர்மானித்தது. இப்போது சென்னையிலிருந்து போகிறவரும் தமக்குப் பிடித்த எதிலும் சேரலாம். 2010 வரை கட்டாயமாக இருந்த உறுப்பினர் விதியையும் அரசு நீக்கிவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டே, ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வெளியிலிருந்து வருவோருக்கு மட்டும் அதே அரசு கல்விக் கட்டணம் விதித்தது. நேஷன் வாசலில் கேட்காத கடவுச்சீட்டைச் சேர்க்கை அலுவலகம் கேட்கிறது.