கிளென்னும் ஹள்ளமும்

கூடலூர் ரோட்டுப் பக்கம் கிளென்மார்கன், குன்னூர்ப் பக்கம் கிளென்டேல். போன வாரம் நம்ம கேரட் தோட்டத்தைப் பாக்க வந்த சென்னை நண்பர், "அதென்னங்க, எங்க பாத்தாலும் ஒரு கிளென்?" என்று கேட்டார்.

அது தொரைமார் கொண்டுவந்த சொல். 1860-களிலிருந்து இங்கே சோலையை வெட்டித் தேயிலை போட்டவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. ரெண்டு பக்கமும் மலை நெருக்க, நடுவில் ஓடை ஓடும் ஒடுங்கின பள்ளத்தாக்குதான் கிளென். அவர்களுடைய பழைய கேலிக் மொழியிலிருந்து வந்தது. பள்ளத்தாக்கு அகலமாகக் கிடந்தால் 'ஸ்ட்ராத்' என்பார்கள். 'டேல்' என்றாலும் பள்ளத்தாக்குதான். அப்போ கிளென்டேல்? நம்ம 'கேட்டுக் கதவு' மாதிரிதான்!

எங்க படுகப் பேச்சில் இதே மாதிரி இடத்துக்கு 'ஹள்ள' என்று பேர். தமிழ்ப் 'பள்ளம்'தான் அது. பட்டி 'ஹட்டி' ஆனது போல, முதலில் வரும் ப இங்கே ஹ ஆகிவிடும்.

எங்க நிலத்துக்குக் கீழே ஓடும் ஓடையை அப்பா 'எம்மெ ஹள்ள' என்பார். எருமைகள் தண்ணி குடித்த ஓடை. பத்திரத்தில் அது வெறும் 'ஓடை'. இப்போ எருமையும் இல்லை, அப்பாவும் இல்லை.

தொரை தன் ஊர் ஞாபகத்துக்கு ஒரு பேர் வெச்சார், எழுதியும் வெச்சார். அது போர்டுல நிக்குது. நம்ம பேரு வாயிலேயே இருந்து வாயோட போகுது. இந்த ஞாயிறு மகளைக் கூட்டிக்கிட்டு ஹட்டிப் பெரியவங்ககிட்ட போறேன், நோட்டும் பேனாவுமா.