எஸ்.எஸ்.எச். நெறிமுறையின் வரலாற்றில் கோப்புப் பரிமாற்றமும் தொலைநிலை வரைகலையும் (1995–2022)

ஆய்வுச் சுருக்கம்

தொலைவிலுள்ள கணினியை இயக்கவும், அதனுடன் கோப்புகளைப் பரிமாறவும், அதன் வரைகலை நிரல்களைத் தம் திரையில் காணவும் உதவும் எஸ்.எஸ்.எச். நெறிமுறையின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய கருவிகளின் பயன்பாட்டு முறையைப் பேணியது அதன் பரவலுக்குத் துணைசெய்தது. அப்பேணலே பழைய குறைகளையும் உடன்கொணர்ந்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எஸ்.எஸ்.எச்., மறைகுறியாக்கம், கோப்புப் பரிமாற்றம், எக்ஸ் சாளர முறைமை

முன்னுரை

டெல்நெட் வழியே நுழையும் பயனரின் கடவுச்சொல் மறைகுறியாக்கமின்றியே வலையில் சென்றது. பி.எஸ்.டி. யூனிக்ஸில் தோன்றிய ஆர்லாகின், ஆர்.சி.பி. ஆகியவை கணினியின் பெயரையே நம்பிக்கைக்குச் சான்றாகக் கொண்டன. ஒரே வலையில் இருந்த எவரும் ஒட்டுக்கேட்க இயலும் நிலை இருந்தது.

தோற்றம்

ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் 1995இல் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை உருவாக்கினார். எஃப்.டி.பி.க்குரிய 21, டெல்நெட்டுக்குரிய 23 ஆகியவற்றுக்கு இடையிலிருந்த 22 என்னும் போர்ட் எண் அதற்கு ஒதுக்கப்பட்டது. அது பதிலீடு செய்ய வந்த இரு நெறிமுறைகளுக்கும் நடுவே அவ்வெண் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. பின்னர் உரிமக் கட்டுப்பாடுகள் இறுகியதால், தொடக்கக்காலக் கட்டற்ற பதிப்பொன்றின் வழித்தோன்றலாக ஓப்பன்எஸ்எஸ்எச் 1999இல் ஓப்பன்பிஎஸ்டி 2.6 உடன் வெளிவந்தது. நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 2006இல் ஆர்.எஃப்.சி. 4251 முதலிய ஆவணங்களாகத் தரப்படுத்தப்பட்டது.

கோப்புப் பரிமாற்றம்

எஸ்.சி.பி. கட்டளை ஆர்.சி.பி.யின் தொடரமைப்பை மட்டுமன்றி அதன் உள் நெறிமுறையையும் ஏற்றது. ஆகவே பயனர் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு. ஆனால் அந்நெறிமுறையில், அனுப்பப்படும் கோப்பின் பெயரைச் சேவையகமே தெரிவிக்கிறது. தீய நோக்குடைய சேவையகம் கேட்காத கோப்பை அனுப்பிப் பயனரின் கோப்பை மேலெழுதக்கூடும் என்பது 2019இல் வெளிப்பட்டது. வழித்தடம் மறைகுறியாக்கப்பட்டிருந்தும் மறுமுனையை நம்பும் பழைய வழக்கம் மாறவில்லை என்பதை இது காட்டுகிறது. 2022இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0, கட்டளையின் பெயரை மாற்றாமல் அதன் உள்ளே எஸ்.எஃப்.டி.பி.யை இயல்பு நெறிமுறையாக்கியது.

தொலைநிலை வரைகலை

1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர முறைமையில் பயனரின் திரையே சேவையகம். தொலைவில் இயங்கும் நிரல் அதன் வாடிக்கையாளர். எஸ்.எஸ்.எச். இவ்விணைப்பைத் தன் மறைகுறியாக்க வழித்தடத்துள் செலுத்தியது. மேலும், பயனரின் உண்மையான அனுமதிச் சாவியைத் தொலைக்கணினிக்கு அனுப்பாமல் போலிச்சாவி ஒன்றை அனுப்பி, அதனைப் பயனரின் கணினியில் மாற்றிக்கொண்டது. எனினும், திரையை அணுக அனுமதி பெற்ற நிரல் பிற நிரல்களுக்குரிய விசையழுத்தங்களையும் அறிய இயலும் என்பது எக்ஸின் அடிப்படை இயல்பு. இதனால் 2004இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 3.8, தொலைநிரல்களை நம்பத்தகாதவையாகக் கருதும் முறையை இயல்பாக்கியது. அக்கட்டுப்பாட்டுக்குள் சில நிரல்கள் சரிவர இயங்காமையால் முழு நம்பிக்கை அளிக்கும் தெரிவும் உடன் வைக்கப்பட்டது.

முடிவுரை

எஸ்.எஸ்.எச். வழித்தடத்தைக் காத்தது, வழித்தடத்தின் மறுமுனையில் இருப்பவர் நம்பத்தக்கவரா என்னும் வினாவை அதனால் தீர்க்க இயலவில்லை. ஆர்.சி.பி., எக்ஸ் ஆகிய இரண்டின் மரபுகளிலும் இவ்வினா மீண்டும் எழுந்தது. எனவே ஒரு நெறிமுறையின் பாதுகாப்பை மதிப்பிடுவோர், அதன் மறைகுறியாக்கத்தோடு, அது எவற்றின் வழக்கங்களைச் சுமந்து வருகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.