லால்பாக்: ஹைதர் அலி தொடங்கிய தோட்டம்

மைசூர்ப் போர்களில் புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். அதனால் நம் மாவட்ட வரலாற்றில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் எதிரிப் படையாகவே வருகிறார்கள். பாடப்புத்தகங்களிலும் அவர்களைப் பற்றிப் போர்ச் செய்திகளே அதிகம். அவர்களின் இன்னொரு முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏற்ற இடம், பெங்களூரு லால்பாக் தாவரவியல் பூங்கா.

ஹைதர் அலி 1760-ல் இதைத் தொடங்கினார். சிரா நகரில் இருந்த முகலாயர் பாணித் தோட்டமே முன்மாதிரி. டெல்லி, லாகூர், முல்தான், நம் ஆற்காடு ஆகிய ஊர்களிலிருந்து செடிகள் வந்தன. பின்னர் திப்பு காபூல், பாரசீகம், துருக்கி, மொரீஷியஸ் போன்ற இடங்களிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து விரிவாக்கினார். அவர் காலத்தவை என்று சொல்லப்படும் மாமரங்கள் இன்றும் நிற்கின்றன.

1799-ல் திப்பு ஷஹீதான பிறகு தோட்டம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1856-ல் அரசு தாவரவியல் பூங்காவானது. 1874-ல் பொறுப்பேற்ற ஜான் கேமரூன் பல வெளிநாட்டுப் பயிர்களை இங்கே அறிமுகப்படுத்தினார். நாம் குழம்பில் போடும் சௌசௌவும் அவற்றில் ஒன்று. அதைப் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று அழைப்பது இதனால்தான். கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆட்சி மாறியபோதும் யாரும் மரங்களை அழிக்கவில்லை. அடுத்தடுத்து வந்தவர்கள் மேலும் நட்டார்கள். இன்று பூங்காவின் பரப்பு சுமார் 240 ஏக்கர். நட்டவர் மறைந்த பின்னும் பலன் தரும் தர்மம் எது என்று பிள்ளைகள் கேட்டால், இந்த மரங்களைக் காட்டிச் சொல்லலாம்.

பார்க்க வேண்டியவை: கண்ணாடி மாளிகை, ஏரி, சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையான பாறைக் குன்று, அதன் மேலுள்ள கெம்பேகவுடா கோபுரம்.

செல்லும் வழி: திருச்சியிலிருந்து பெங்களூருவுக்கு ரயில் உண்டு. மெஜஸ்டிக்கிலிருந்து பச்சை வழித்தட மெட்ரோவில் லால்பாக் நிலையத்தில் இறங்கலாம். குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். அப்போது கூட்டம் மிக அதிகம். கைக்குழந்தைகளோடும் பெரியவர்களோடும் செல்பவர்கள் மற்ற நாட்களில் காலையிலேயே போவது நல்லது. வெயில் ஏறினால் பாறை சுடும்.