கொழும்புத்துறைப் பரவைக்கடலும் வன்னிக் குளமும்: கெளிறு பிடிக்கும் முறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துப் பொருளியல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நெல்லையும் புகையிலையையும் பனையையும் விரிவாக நோக்குவர். மீன்பிடி என்றதும் அவர்களது பார்வை ஆழ்கடல் வள்ளங்களை நாடிச் சென்றுவிடும். முழங்காலளவு நீரில் நடந்து தொழில் செய்யும் மனிதனின் கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியைக் கெளிறு என்னும் மீனை வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

கெளிற்றைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சந்தையில் அதற்குப் பெருமதிப்பில்லை. ஆயின் கடல், பரவைக்கடல், குளம், நீர்த்தேக்கம் ஆகிய எல்லாவற்றிலும் அதன் இனத்தவை வாழ்கின்றன. உவர்நீரிலும் நன்னீரிலும் ஒருங்கே வாழவல்ல சிறு கெளிற்று வகையும் உண்டு. மீன் ஏறத்தாழ ஒன்றாயிருக்க நீர் மட்டும் மாறும்போது, பிடிக்கும் முறை எவ்வாறு மாறுகின்றது என்பதை அறிய இதனினும் வாய்ப்பான சான்று கிடைத்தல் அரிது.

பாசையூருக்கும் அரியாலைக்கும் இடையே, யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் வடகரையில் அமைந்தது கொழும்புத்துறை. யோகர் சுவாமிகளின் ஆச்சிரமத்தால் இவ்வூரை அறிந்தோர் பலர். பூநகரிக்குத் தோணிகள் புறப்பட்ட துறையாக அறிந்தோர் இன்று சிலரே. இங்குள்ள நீர் ஆழமற்றது. மாரியில் மழைநீர் கலந்து உவர்ப்புக் குறையும். கோடையில் நீர் வற்றி உவர்ப்பு மிகும். வற்றும் பெருக்கும் சிறிதேயாயினும், தரை தட்டையாதலால் மீன்கள் அவ்வோட்டத்தோடு வெகுதூரம் ஏறி இறங்குகின்றன.

இவ்வியல்பிலிருந்து பிறந்ததே களங்கட்டி. தடிகளை வரிசையாக ஊன்றி, வலையை மறைப்பாகக் கட்டி, ஓட்டத்தோடு வரும் மீனை ஓர் அறைக்குள் ஒதுங்கச் செய்யும் பொறி அது. மீனைத் துரத்துவதில்லை, அதன் வழியில் நிற்பதே அதன் நுட்பம். சேற்றை அளைந்து இரவில் இரைதேடும் கெளிறு, மறைப்பைத் தடவிக்கொண்டே உள்ளே செல்லும். 1902 ஆம் ஆண்டில் முத்துப்படுகைகளை ஆராய ஹேர்ட்மனுடன் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் ஹோர்னல், பிற்காலத்தில் சென்னை மாகாணத்து மீன்பிடி முறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். பாக்குநீரிணையின் இருகரையையும் ஒப்பிட விரும்புவோர் அவரிடமிருந்தே தொடங்கவேண்டும்.

தூண்டிலும் உண்டு. ஆனால் கடற்கெளிற்று வகைகள் பலவற்றில் ஆண்மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அக்காலத்தில் அது உண்பதில்லை. அப்பருவத்தில் இறாற்றுண்டு கோத்த தூண்டிலோடு காத்திருப்பவன் ஏமாறுவான். அதன் செட்டை முட்களோ வலைக்கண்ணிற் சிக்கினால் நூலை அறுத்தெடுக்க நேரும். பருத்தி நூலைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உரப்படுத்திய காலத்தில் ஒவ்வோர் அறுப்பும் ஓர் இழப்பு. ஏறத்தாழ 1950களில் நைலோன் பரவியபின் இவ்விழப்புக் குறைந்தது; பனிச்சங்காயின் தேவையும் அற்றது.

இனி வன்னிக்குச் செல்வோம். வரண்ட வலயக் குளங்களில் மீன்பிடித்தல் பழமையானது. பண்டைய பிராமிக் கல்வெட்டுக்கள் சில, குளத்து நீர்வரியோடு மீனிற் பங்கையும் வருவாயாகக் கூறுகின்றன. குளத்தின் நீரோ வற்றிப் பெருகுவதன்று. மாரியில் நிரம்பி, வயலுக்குப் பாய்ந்து, ஆடி ஆவணியில் ஒடுங்குவது. ஒடுங்கிய நீரிற் கரப்பைக் குத்திக் கவிழ்த்து, மேல்வாயாற் கைவிட்டு மீனை எடுப்பர். அங்கே அகப்படுவது சுங்கான். தமிழகத்தில் இதனைத் தேளி என்பர். காற்றையும் சுவாசிக்க வல்லதாதலால் சேற்றிலும் உயிர் தரித்திருக்கும். அதன் முள் நஞ்சுடையது. கரப்பிற் கைவிடுபவனுக்கு அனுபவமே கவசம்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், கெளிறு பிடிக்க எந்த முறை சிறந்தது என்று கேட்டேன். "எந்தத் தண்ணியிலை, தம்பி?" என்றார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் அவர் வன்னிக்குச் சென்று, இரணைமடுவை அண்டி வாழ்ந்தவர். கைவசமிருந்தது களங்கட்டித் தொழில் ஒன்றே. குளத்தின் ஓரத்திலே தடிகளை ஊன்றினார். வயலுக்கு நீர் திறக்கப்பட, சில நாள்களில் தடிகள் காய்ந்த தரையில் நின்றனவாம். அயலவர் மண்புழு கோத்த தூண்டில்களை நீண்ட கயிற்றிற் கட்டி, இரவில் மூழ்கிய மரக்கட்டைகளின் அருகே விட்டனர். அவர் அதனைக் கற்றுக்கொண்டார். முதல் மாரி வெள்ளம் குளத்துக்குள் இறங்கியபோதுதான் அவரது பழைய அறிவு பயன்பட்டது. இனப்பெருக்கத்துக்காக வெள்ளத்தை எதிர்த்து மீன் ஏறும் வாய்க்காலிற் குறுக்கே சிறு தடிவேலி அமைத்து, நடுவே பறியை வைத்தார். களங்கட்டியே சுருங்கி வாய்க்காலுக்கு வந்தது எனலாம். கருவி இடம்பெயரவில்லை, கருவிக்குப் பின்னிருந்த நோக்கு இடம்பெயர்ந்தது.

பெரிய நீர்த்தேக்கங்களின் கதை வேறு. 1952 ஆம் ஆண்டில் திலாப்பியா அறிமுகப்படுத்தப்பட்டபின், உள்நாட்டு மீன்பிடி என்பது பெரும்பாலும் செவுள்வலையால் அம்மீனைப் பிடிப்பதாகவே மாறிற்று. 1990 இல் அரச ஆதரவு நிறுத்தப்பட்டு, 1994 இல் மீண்டது. 1996 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வலைக்கண்ணின் ஆகக்குறைந்த அளவை 8.5 சென்ரிமீற்றராக வகுத்தன. திலாப்பியாக் குஞ்சுகளைக் காக்க இது தக்கதே. ஆனால் சாணளவுக் கெளிறு அவ்வலையூடு நழுவிவிடும். சேனா டி சில்வா, உபாலி அமரசிங்க முதலிய ஆய்வாளர், இடமும் காலமும் அறிந்து சிறுகண் வலையைப் பயன்படுத்தினால் திலாப்பியாவுக்குக் கேடின்றிச் சிறு உள்நாட்டு மீன்களைப் பிடிக்கலாம் எனக் காட்டினர். அவர்கள் கருதியவை பெரிதும் கெண்டையினச் சிறுமீன்கள். எனினும் எல்லா நீருக்கும் ஒரே அளவுகோல் போதாது என்னும் அவர்களது வாதம், பெரியவரின் எதிர்க்கேள்வியிலிருந்து வெகுதொலைவில் இல்லை. விதிகளே வேண்டாம் என்பது என் கருத்தன்று. மலிவான தங்கூசி வலை பரவைக்கடலில் விளைத்த கேட்டைக் கண்டவர் எவரும் அவ்வாறு கூறார்.

கொழும்புத்துறைக்கு மீள்வோம். 1950களில், மழைநீரைத் தேக்கிக் குடாநாட்டுக் கிணறுகளை நன்னீராக்கும் நோக்கோடு, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகள் அமைந்தன. பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த, ஆனையிறவு நீரேரியை நன்னீர் ஏரியாக்கும் திட்டமும் இதே சிந்தனையைச் சார்ந்தது. உவர்ப்பேறிய கிணற்றை நம்பியிருக்கும் கமக்காரனுக்கு இதனால் வரும் நன்மை வெளிப்படை. ஆயின் கதவு மூடினால் மீனினதும் இறாலினதும் போக்குவரத்துத் தடைப்படும். உப்பாற்றுப் பக்கம் நன்னீராக மாறுமாயின் அங்கு களங்கட்டி பொருளிழக்கும். தூண்டிலும் பறியும் வேண்டப்படும். திட்டம் பற்றிய விவாதங்களில் நீரின் அளவும் ஏக்கர்க் கணக்கும் இடம்பெற்ற அளவுக்கு இக்கேள்வி இடம்பெற்றதாகத் தெரியவில்லை. இரண்டு நீரிலும் தொழில் செய்த அப்பெரியவரைப் போன்றோர் இன்றும் அக்கரையில் உளர். அவர்களுக்குப் பின் வந்தவர்களிற் பலர் களங்கட்டித் தடி ஊன்றும் ஒழுங்கை அறியார்.