இறகு நிறத்தால் கோழிக்குஞ்சின் பாலறிதல்

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் உணவுத் தட்டுப்பாடு நிலவியது. முட்டையிடாத சேவல் குஞ்சுகளை அடையாளம் காணும்வரை அவற்றுக்கும் பல வாரம் தீனி போட வேண்டியிருந்தது. இறகு நிறத்தைக் கொண்டு பொரித்த அன்றே அவற்றைப் பிரிக்கலாம் என்றார் மரபியலாளர் ரெஜினால்ட் புன்னெட்.

வெள்ளிநிற மரபணு பொன்னிறத்தை மறைக்கும். அது இசட் நிறப்புரியில் உள்ளது. சேவலுக்கு இசட் இரண்டு. பெட்டைக்கு ஒன்றே; அதுவும் தந்தையிடமிருந்து வருவது. எனவே பொன்னிறச் சேவலை வெள்ளிநிறப் பெட்டையுடன் சேர்த்தால், பெட்டைக் குஞ்சுகள் தந்தையைப் போலப் பழுப்பாகவும், சேவல் குஞ்சுகள் தாயைப் போல வெளிறியும் பிறக்கும். இக்கலப்பு ஒரு தலைமுறைக்கே உதவும்.

பழுப்பு முட்டைக் கோழிகளில் இம்முறை இன்றும் உள்ளது. பல நாடுகளில், பிரிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள் அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி இதை 2022இல் தடைசெய்தது.