செல்லூர் மெடிக்கலுக்கு வந்த சொட்டு

"அண்ணே, கண்ணு அரிக்குது, மூக்குல தண்ணியா ஊத்துது, ஏதாச்சும் குடுங்க." தறிச் சத்தம் ஓயாத செல்லூர்த் தெருக்களில் மெடிக்கல் கடைக்காரருக்கு இது பழகிப்போன வாசகம். பஞ்சுத் தூசு, வைகைக் கரைப் புழுதி, மெத்தையில் குடியிருக்கும் தூசி உண்ணி என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். கடைக்காரர் எடுத்து வைப்பது ஓலோபட்டாடின் சொட்டாகவோ அசெலாஸ்டின் ஸ்பிரேயாகவோ இருக்கலாம். அந்தச் சின்ன பாட்டில் மதுரைக்கு வந்த பாதை நேரானதல்ல.

கண்ணிலும் மூக்கிலும் மருந்து விடுவது நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் கண்ணுக்குக் கலிக்கமும் மூக்குக்கு நசியமும் உண்டு. வழி பழையது, சரக்குதான் புதிது.

1819இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், கோடைதோறும் தன்னை வாட்டிய கண் அரிப்பையும் தும்மலையும் எழுதி மருத்துவச் சங்கத்தில் வாசித்தார். இதே தொல்லை உள்ளவர்களைத் தேடி அலைந்தும், 1828இல் அவரால் காட்ட முடிந்தது 28 பேரைத்தான். அடுத்து வந்தவர் மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி. பட்டத்தில் பசை தடவிய கண்ணாடிச் சில்லைக் கட்டிப் பறக்கவிட்டு, அதில் ஒட்டிய மகரந்தத்தை எண்ணியவர். பருத்தி ஆலைகள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, குற்றவாளி புல்லின் மகரந்தம் என்று 1873இல் புத்தகம் போட்டார்.

உடம்புக்குள் இருந்த கூட்டாளி அகப்பட்டது தற்செயலாக. ரை என்ற தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சை, நம் கம்புக் கதிரில் தேனொழுகல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சைக்குச் சொந்தக்காரன். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கவைக்க அதைப் பயன்படுத்திவந்தார்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று குடைந்துகொண்டிருந்த ஹென்றி டேலின் குழுவுக்கு 1910இல் கிடைத்தது ஹிஸ்டமின். அரிப்பு, வீக்கம், நீர்வடிதல் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் பொருள்.

அதை மறிக்கும் முதல் மருந்தை 1937இல் பாரிசில் டேனியல் போவேயும் ஆன்-மாரி ஸ்டாபும் கண்டார்கள். மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு. ஆறு ஆண்டு கழித்து அமெரிக்காவின் சின்சினாட்டியில் தசை இசிவைத் தளர்த்தும் மருந்தைத் தேடப்போன ஜார்ஜ் ரீவ்ஷல், பெனட்ரிலோடு திரும்பினார். வேலை செய்தது, கூடவே தூக்கமும் வந்தது. ஓடுகிற விசைத்தறி முன்னால் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று செல்லூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிக்கிற இடத்தில் மட்டும் மருந்தை விட்டால் போதுமே என்ற எண்ணத்துக்கு இந்தத் தூக்கமும் ஒரு காரணம்.

மூக்குக்குள் பீச்சும் நுட்பம் கிளைவிட்ட விதம் தனிக் கூத்து. ஓஹியோவின் டொலிடோ நகரத்துத் தொண்டை மருத்துவர் ஆலன் டிவில்பிஸ் 1880களில் ரப்பர் பந்தை அழுத்தித் தொண்டைக்குள் மருந்து தெளிக்கும் கருவி செய்தார். மகன் தாமஸ் அதையே சென்ட் பாட்டிலுக்கு மாட்டினார். பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னும் பிறகு அதே நிறுவனத்திலிருந்து வந்தது.

எனக்குப் பிடித்த ஆள் ரோஜர் ஆல்டூனியன். சிரியாவில் பிறந்த ஆர்மீனிய-ஆங்கிலேயக் கலப்பு. ஆர்தர் ரான்சம் 1930இல் எழுதிய சிறுவர் நாவலில் ரோஜர் என்ற குட்டிப் பையனாக வருபவர் இவரே. வளர்ந்து போர்க்காலத்தில் விமானப் பயிற்சியாளராகவும், பிறகு மருத்துவராகவும் ஆனார். ஆஸ்துமாவும் கூடவே வந்தது. எகிப்தியர் சிறுநீரக வலிக்குக் குடித்த கெல்லா விதையிலிருந்து பிறந்த வேதிப்பொருள்களை இங்கிலாந்தில் தன் மேலேயே சோதித்தார். கினிப்பன்றி முடித் தூசியை வேண்டுமென்றே சுவாசித்து மூச்சுத்திணறலை வரவழைப்பார். எந்தப் பொருள் அதைத் தடுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 1965இல் கிடைத்த குரோமோகிளைகேட் ஹிஸ்டமினை மறிப்பதில்லை. அது வெளியேறும் கதவையே சாத்துகிறது. அந்தப் பொடியை உள்ளிழுக்க அவர் செய்த கருவியில் விமான விசிறி போலொரு காற்றாடி சுழலும். பிற்பாடு அதே மருந்து கண் சொட்டாகவும் மூக்கு ஸ்பிரேயாகவும் வந்தது.

கடைக்காரர் எடுத்து வைத்த ஓலோபட்டாடின், ஹிஸ்டமினை மறிக்கும் ஜப்பான் சரக்கு. உருவாக்கிய கியோவா ஹக்கோ நிறுவனம் 1950களில் நுண்ணுயிரியை வைத்து அஜினோமோட்டோ வகை உப்பை நொதிக்கவைத்துப் பேர் வாங்கியது. மருந்தின் வேதி அமைப்போ மனச்சோர்வுக்குக் கொடுக்கும் டாக்சிபினுக்கு நெருங்கிய உறவு. 1996இல் அமெரிக்காவில் கண் சொட்டாக அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு அசெலாஸ்டின் மூக்கு ஸ்பிரேக்கும்.

இவை நம் கடைகளுக்கு மலிவாக வந்ததற்குக் காப்பியடித்தவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1970இன் காப்புரிமைச் சட்டம், மருந்துக்கு அல்ல, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உரிமை என்றது. வேறு வழியில் காய்ச்சினால் அதே மருந்தை யாரும் விற்கலாம். 2005 வரை இந்தக் கதவு திறந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், காப்பிக்குப் பெயர்போன சிப்லா, அசெலாஸ்டினையும் புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டையும் ஒரே பாட்டிலில் சேர்த்து 2004இல் டியோனேஸ் என்று இங்கே விற்றது. அந்தச் சேர்க்கைக்குத் தானே காப்புரிமையும் வாங்கியது. ஐரோப்பாவின் மெடா நிறுவனம் அதை உரிமத்தில் பெற்று 2012இல் டைமிஸ்டா என்று அமெரிக்காவில் இறக்கியது.

மருந்து மட்டுமா பயணம் செய்தது? மூக்கை உறுத்தும் சீமைக்கருவேல மகரந்தம் அமெரிக்கக் கண்டத்து மரத்துடையது. 19ஆம் நூற்றாண்டில் விதையாக வந்து இன்று வைகை மணலிலேயே காடாக நிற்கிறது. பார்த்தீனியம் 1950களில் அமெரிக்கக் கோதுமையோடு கப்பலேறி வந்தது என்பது பரவலான கணிப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெயில் ஊர்ப் பிள்ளைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு, வருடா வருடம் வரும் கடும் கண் அரிப்புக்கு ஸ்டீராய்டு சொட்டு ஒரே நாளில் சுகம் தரும். அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விட்டால் கண் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் மருத்துவரைப் பார்க்காமல் சொட்டு வாங்குவதற்குச் சாக்கே கிடையாது.

அசெலாஸ்டின் அடித்ததும் தொண்டை கசந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அதன் சுபாவமே கசப்பு. தலையை அண்ணாந்து உறிஞ்சாமல் லேசாகக் குனிந்து, நடுத்தண்டில் படாமல் பக்கவாட்டில் அடித்தால் மருந்து மூக்கிலேயே நிற்கும்.