திருப்பூர் வட்டாரத்தில் வெளிநாட்டவர் வாடகை வாகனம் ஓட்டுதல்

பின்னலாடை வணிகத்துக்கோ சுற்றுலாவுக்கோ திருப்பூர் வரும் வெளிநாட்டவர் வாடகை வாகனத்தைத் தாமே ஓட்டும்போது எழும் உரிம, காப்பீட்டு, சாலைச் சிக்கல்கள் இத்தலைப்பில் அடங்கும். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வந்ததிலிருந்தே இங்கு வெளிநாட்டு வாங்குநர் வரத்து தொடங்கியதாகத் தொழில் வட்டாரத்தில் சொல்வார்கள். இத்தகையோரை ஊரில் 'பையர்' என்பர். பெரும்பாலோர் கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறங்கிச் சாலை வழியே வருகின்றனர்.

சட்ட வரலாறு

எல்லை தாண்டி ஓட்டுவதற்கான பொது ஆவணம் 1909ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் உருவானது. வாகனத்துக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்தே அப்போது ஒரு சான்று தரப்பட்டது. 1926ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை ஓட்டுநருக்கெனத் தனி அனுமதியை வகுத்தது. அதன்பின் 1949இல் ஜெனீவா உடன்படிக்கையும் 1968இல் வியன்னா உடன்படிக்கையும் வந்தன. இந்தியா ஜெனீவா உடன்படிக்கையில் உள்ளது. ஜெனீவா வகை அனுமதி ஓராண்டும், வியன்னா வகை அதிகபட்சம் மூன்றாண்டும் செல்லும். ஜெர்மனி ஜெனீவா உடன்படிக்கையில் சேராததால் அந்நாட்டவர் வியன்னா வகையையே கொண்டுவருவர். சீனப் பெருநிலம் இரண்டிலும் சேரவில்லை. ஆகவே அந்நாட்டு உரிமம் மட்டும் உடையவர் இங்கு ஓட்ட இயலாது.

இந்தியாவில் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டாயம் 1946 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. இப்போதுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1இல் அமலானது. ஓட்டுநர் இல்லாமல் கார் வாடகைக்கு விடும் திட்டம் 1989இலும், இருசக்கர வாகனத்துக்கான திட்டம் 1997இலும் வகுக்கப்பட்டன.

வகைப்பாடு

வாகனத்தின் தகுதியை எண் பலகையிலேயே அறியலாம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது தானே ஓட்டும் வாடகைக்கு உரியது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, ஓட்டுநருடன் வரும் வாடகை வண்டியைக் குறிக்கும். வெள்ளைப் பலகை கொண்ட 'ஓன் போர்டு' வண்டி சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. அதை வாடகைக்கு எடுப்பவர் சிக்கலையும் சேர்த்தே எடுக்கிறார்.

இடர்கள்

கார் ஓட்ட மட்டும் அனுமதி பெற்றவர் அதைக் காட்டி ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. உரிமமின்றி ஓட்டினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி அபராதம் 5,000 ரூபாய். முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. விபத்து நேர்ந்தால் தொகை அபராதத்தோடு நிற்பதில்லை. செல்லத்தக்க உரிமம் இல்லாதபோது வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்கும் வழியை ஸ்வரண் சிங் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் ஏற்றது. உரிமையாளர் அடுத்துத் தேடுவது வண்டியை எடுத்தவரையே. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. முன்தொகைக்குப் பதிலாகக் கடவுச்சீட்டை ஒப்படைப்பதும் அபாயமே.

சாலையிலும் பழக்கம் வேறு. இத்தாலியரும் ஜெர்மானியரும் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் என்பதால் சந்திப்பில் திரும்பும்போது தடுமாறுவர். எதிரே வரும் லாரி முகப்பு விளக்கைச் சிமிட்டினால், பிரிட்டனில் பொதுவாக வழிவிடுவதாகப் பொருள். இங்கு 'நான் வருகிறேன், நில்' என்று பொருள். துணி ரோல்கள் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் 'குட்டி யானை' என்னும் சிறு சரக்கு வண்டிகள், ஷிப்டு முடியும் நேரத்துக் கம்பெனி வேன்கள், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள் ஆகியவை அவிநாசி, பல்லடம் சாலைகளில் அன்றாடக் காட்சி. 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே, கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டிக் கேரள அரசுப் பேருந்தில் மோதியதில் 19 பேர் இறந்தனர். எதிர்த்தட வண்டியின் பிழைக்கும் பலியாக நேரும் என்பதற்கு அவ்விபத்து சான்று.

தற்போதைய நிலை

பையர்களுக்குக் கம்பெனிகளே ஓட்டுநருடன் கார் அனுப்புகின்றன. தாமே ஓட்டும் வாடகைக் கார்கள் கோவையில் செயலி வழியே கிடைக்கின்றன.